மாமாவை அறைக்குள் பூட்டி வைக்க வேண்டுமா?

கேள்வி: என் மாமனாருக்கு 66 வயது. குச்சனூரில் நெல் விவசாயம். இரைப்பையில் புற்றுக்கட்டி என்று போன தை மாதம் தெரிந்தது. கீமோ முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் மதுரையில் ஆபரேஷன். "கூட்டத்தில் சேர விடாதீர்கள், சளி காய்ச்சல் வந்துவிடக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு இருந்த நெரிசலில் அதற்கு மேல் விவரம் கேட்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. கழிப்பறை பின்புறம். நான், என் கணவர், மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மூன்றாம் வகுப்பு, சின்னவள் அங்கன்வாடி. கணவர் சின்னமனூரில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய் வருகிறார். மாமாவை அறையில் விட்டு ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிட்டோம். தனித் தட்டு, தனி டம்ளர். ஒரு வாரமாகப் படுத்தே கிடக்கிறார். பேத்தி கதவைத் தட்டி அழுகிறாள். "என்னால உங்களுக்கு எதுக்குக் கஷ்டம், தோட்டத்து மோட்டார் ரூம்ல போய் இருந்துக்கிறேன்" என்கிறார். ஆடிச் சனிக்கிழமைத் திருவிழாவுக்குச் சொந்தங்கள் வருவார்கள். வந்தால் அவரைப் பார்க்காமல் போக மாட்டார்கள். மாமா சனிக்கிழமை விரதம் வேறு, ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். பீடியைக் குறைத்திருக்கிறார், விடவில்லை. நாங்கள் செய்வது சரிதானா? எத்தனை நாள் இப்படி வைத்திருக்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குச்சனூர்

பதில்: இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தக் கதவையும் ஜன்னலையும் திறந்து விடுங்கள். மாமாவை எழுப்பி வாசலுக்குக் கூட்டி வாருங்கள். நீங்கள் காட்டும் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. அது போகும் திசைதான் மாற வேண்டும். டாக்டர் சொன்னது கிருமியிடமிருந்து விலகி இருக்கச் சொல்லி. வெளிச்சம், காற்று, நடை, பேரப்பிள்ளைகள் எல்லாவற்றிடமிருந்தும் விலகச் சொல்லி அல்ல.

ஆபரேஷனுக்கு முன் ஒரு சாதாரண ஜலதோஷத்துக்கு மருத்துவர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எது வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். மாமாவுக்கு முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் ஒரு டியூப் செலுத்தி, மெஷின் மூலம் சுவாசம் கொடுப்பார்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் அந்த நேரத்தில் சட்டென்று சுருங்கி முரண்டு பிடிக்கும். பல மணி நேரம் மல்லாந்து படுத்திருப்பதால் நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கியிருக்கும். விழித்த பிறகு மேல்வயிற்றுக் காயத்தின் வலியால் ஆழமாக மூச்சிழுக்கவும் பலமாக இருமவும் முடியாது. வெளியே வராத சளி அங்கேயே தேங்கினால் நிமோனியா. வயிற்றில் மேல்பக்கம் செய்யும் அறுவை சிகிச்சைகளில் மற்றவற்றைவிட இது அதிகம். இரைப்பை அறுவை சிகிச்சை அந்த வகை. போதாததற்கு மாமாவுக்குப் பீடிப் பழக்கம். கீமோ முடிந்து எதிர்ப்புச் சக்தியும் இப்போதுதான் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. எனவே பயம் நியாயமானது.

ஆனால் அறையில் அடைத்து வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? கொரோனா காலத்திலிருந்து. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 24 நாடுகளில், ஆபரேஷனை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 பேரைக் கணக்கெடுத்தார்கள். 30 நாளுக்குள் அவர்களில் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர். உலகம் முழுக்க அறுவை அரங்குகள் அதிர்ந்து போயின. ஆபரேஷனுக்கு முன் வீட்டிலேயே தனித்திருங்கள் என்ற அறிவுரை அப்போதுதான் பரவியது. சில நாடுகளில் 14 நாள் என்றுகூட விதித்தார்கள். தடுப்பூசி இல்லாத அந்த நாட்களில் அது சரியான எச்சரிக்கைதான்.

பிறகு, அந்தத் தனிமை உண்மையில் உதவியதா என்று அதே ஆய்வுக் குழுவினர் 114 நாடுகளில் 96,454 நோயாளிகளிடம் பார்த்தார்கள். முடிவு 2021-ல் வெளிவந்தது. தனித்திருந்தவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் சிக்கல் வந்தது, தனித்திருக்காதவர்களில் 2.0 சதவீதம். வயது, நோயின் கடுமை போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது தனித்திருந்தவர்களுக்கே சிக்கல் சற்று அதிகம். மூன்று நாளைத் தாண்டித் தனித்திருந்தவர்களுக்கு இன்னும் கூடியது. இது மருந்து கொடுத்துச் சோதித்த ஆய்வு அல்ல, நடந்ததைக் கணக்கெடுத்த ஆய்வுதான். தனிமைதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடைந்து கிடந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் கிடைக்கவில்லை. நடக்காமல், சரியாகச் சாப்பிடாமல், மனம் சோர்ந்து கிடந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படுக்கை செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுடைய, நோய் ஏதும் இல்லாத 12 பேரைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. அவர்கள் திடமாக இருந்தவர்கள். மாமா கீமோவில் ஏற்கெனவே இளைத்தவர். ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் அவரை எழுப்பி உட்கார வைத்து, நாலடி நடக்க வைக்கப் பார்ப்பார். அதற்கு வேண்டிய பலத்தை இந்த மூன்று வாரத்தில் சேர்க்க வேண்டும். ஒரு வாரம் போய்விட்டது, பரவாயில்லை. இன்று மாலையே தொடங்குங்கள்.

காலை வெயில் ஏறுமுன் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. வயல் வரப்பு, வாய்க்கால் கரை, எதுவானாலும் கூட்டமில்லாத இடம். திறந்த வெளியில், ஆளுக்கு ஆள் இடைவெளி இருந்தால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. மூச்சு லேசாக வாங்க வேண்டும், ஆனால் பேச்சு தடைபடக் கூடாது, அதுதான் அளவு. முதலில் பத்து நிமிடம், பிறகு மெல்லக் கூட்டலாம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நெல் தூற்றும் தூசியும் மருந்தடிக்கும் வயலும் வேண்டாம். வெந்நீர் போட விறகடுப்பு மூட்டினால், புகை அடங்கும்வரை அவர் அந்தப் பக்கம் இருக்க வேண்டாம்.

வீட்டுக்குள் என்ன செய்வது? மாமாவும் அத்தையும் அறையில் படுக்கட்டும், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். நீங்கள் நால்வரும் ஹாலில். ஆடிக் காற்று குளிர்கிறது என்று ஜன்னலை அடைப்பதைவிட ஒரு போர்வை கூடுதலாகக் கொடுப்பது நல்லது. இந்த வைரஸ்கள் பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவுபவை. அடைத்த அறையில் தேங்கும், திறந்த அறையில் கலைந்து போகும். தனித் தட்டும் தனி டம்ளரும் தேவையே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரத்தில் எல்லோரும் சாப்பிடலாம். தனி டம்ளர் என்பது நம் மண்ணில் எத்தனை பேருடைய மனதைக் காயப்படுத்திய வழக்கம் என்பது உங்களுக்கும் தெரியும். பயன் ஏதும் இல்லாத இடத்தில் அதை ஒரு பெரியவருக்கு முன்னால் வைக்க வேண்டாம். பின்புறக் கழிப்பறையும் பொதுவாகவே இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கிருமி மாமாவைத் தேடித் தானாக வராது. வீட்டிலிருந்து வெளியே போய் வருபவர்கள் வழியாகத்தான் வரும். உங்கள் வீட்டில் அது உங்கள் கணவரும் இரண்டு பிள்ளைகளும். ஆகவே கட்டுப்பாட்டின் பெரும்பங்கை அவர்கள்தான் ஏற்க வேண்டும், நோயாளி அல்ல. கணவர் கடையிலும் பஸ்ஸிலும் மாஸ்க் போடட்டும். ஃப்ளூ வந்தவரிடமிருந்து, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்று இருந்துவிட முடியாது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் கை, முகம் கழுவி உடை மாற்றட்டும். தாத்தாவோடு ஒரே பாயில் தூங்குவதும், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதும் இந்த மூன்று வாரம் வேண்டாம். மற்றபடி திண்ணையில் தாத்தா ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம் உட்கார்ந்து கதை பேசட்டும். அந்தப் பிள்ளை கதவைத் தட்டி அழ வேண்டியதே இல்லை.

பிள்ளைக்கு மூக்கொழுகினால் என்ன செய்வது என்பதை இன்றே முடிவு செய்து வையுங்கள். அன்றைக்குக் கைகால் ஓடாது. சிறுபிள்ளைகளிடமிருந்து கிருமி ஒரு வாரத்துக்கு மேலும் வெளிப்படலாம். ஆபரேஷனுக்கு ஒரு வாரமே இருக்கும் நிலையில் பிள்ளைக்குச் சளி பிடித்தால், சிறுபிள்ளைகள் இல்லாத, ஆள் துணை உள்ள ஓர் உறவினர் வீட்டுக்கு மாமாவையும் அத்தையையும் சேர்த்து அனுப்புவது நல்லது. அப்படி வீடு இல்லையென்றால் ஜன்னல்களைத் திறந்து வைத்து, பிள்ளையைக் கவனிக்கும் நீங்களும் மாமாவும் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்து மோட்டார் ரூம் மட்டும் வேண்டவே வேண்டாம். கீமோ எடுத்தவருக்கு நடுராத்திரி காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பாம்பு, பூச்சி, மின்சாரம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், "என்னால உங்களுக்குக் கஷ்டம்" என்று அவர் சொல்லிவிட்டுப் போக நினைப்பது. அதைக் கேட்டு நீங்கள் தலையாட்டிவிட்டால், தான் பாரம் என்பது உறுதியாகிவிட்டதாக எடுத்துக்கொள்வார். உங்களால் எங்களுக்குக் கஷ்டம் இல்லை, எங்களால் உங்களுக்குச் சளி வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் என்று அவர் மகன் வாயால் சொல்லட்டும்.

எல்லோரும் மறந்துவிடும் ஒருவர் அத்தை. மதுரையில் வார்டில் மாமாவுக்குத் துணையாக இருக்கப் போவது அவர்தான் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு மிக அருகில் மூச்சு விடப் போகிறவர் அவரே. மாமாவுக்கு உள்ள கட்டுப்பாடு அத்தனையும் அத்தைக்கும் வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சந்தை எதற்கும் அவரை அனுப்பாதீர்கள். அவருக்குச் சளி வந்துவிட்டால் யார் துணைக்குப் போவது என்று மாற்று ஆளையும் இப்போதே பேசி வையுங்கள்.

உறவினர் வருகைக்கு நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் உள்ளே வருவதில்லை. அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் நம் மக்களுக்கு நோயாளியை விட்டு விலகி நிற்பதும் ஒரு மரியாதைதான் என்று புரிய வைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. திருவிழாவுக்கு முன்பே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பாருங்கள். மீறி வந்துவிட்டால் வாசலிலோ மரத்தடியிலோ நாற்காலி போடுங்கள், கொஞ்ச நேரத்தில் பேசி முடியுங்கள். இருமுகிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி. சொல்லத் தயங்கினால் பழியை டாக்டர் மேல் போடுங்கள். நாங்கள் அதற்கும்தான் இருக்கிறோம்.

ஆடிச் சனிக்கிழமைகளில் சுயம்பு சனீஸ்வரர் கோயிலில் எவ்வளவு கூட்டம் சேரும் என்பது குச்சனூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வரிசையில் மாமா நிற்கக் கூடாது. ஊரே திருவிழாவில் இருக்கும்போது அவர் மட்டும் வீட்டுக்குள் இருப்பது மனதுக்குக் கஷ்டம்தான். கூட்டமில்லாத வேளை பார்த்து, சனிக்கிழமை அல்லாத ஒரு விடியற்காலையில் வெளியிலிருந்தே கும்பிட்டு வரட்டும். விரதத்தைப் பற்றி ஒரு மருத்துவராக நான் உறுதியாகச் சொல்ல வேண்டும்: இப்போது விரதம் கூடாது. இரைப்பைக் கட்டி உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன் இளைக்க இளைக்கக் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்று கூடும். நோயாளிக்கு விரதத்திலிருந்து விலக்கு உண்டு என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவருக்காக அத்தையோ மகனோ இருக்கட்டும்.

புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை, தினமும் புரதம் வேண்டும். மாமா 55 கிலோ என்றால் குறைந்தது 55 கிராம், 80 வரை போகலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக வெந்த முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால், தயிர் என்று சேர்த்துத்தான் அந்தக் கணக்கை எட்ட முடியும். இரைப்பையில் கட்டி இருப்பதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. ஆறு வேளையாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிட்டது வெளியே வந்துவிடுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள்.

இனி, இந்தப் பதிலிலேயே அதிகப் பலன் தரக்கூடியதைச் சொல்கிறேன். அதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2018-ல் வெளியானது. பாதிப் பேருக்குத் தகவல் சீட்டு மட்டும். மீதிப் பேருக்கு அத்துடன், ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து, மூச்சுப் பயிற்சியை ஏன் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சீட்டு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. பயிற்சி பெற்றவர்களில் 12 சதவீதம். பாதிக்கும் கீழே.

பயிற்சி இதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக, நுரையீரலின் அடிவரை மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்தி விட வேண்டும். இப்படிப் பத்து முறை. பிறகு ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மூன்று முறை இரும வேண்டும். மறுபடி பத்து மூச்சு, மூன்று இருமல். ஆபரேஷன் முடிந்து விழித்த நேரத்திலிருந்து, தூங்கும் நேரம் தவிர, மணிக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும். மயக்கமும் வலியுமாகக் கிடக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. இப்போதே தினமும் பழகி, உடம்புக்குத் தெரிந்த வேலையாக ஆக்கிவிட வேண்டும். மாமாவோடு மூத்தவனையும் உட்கார வையுங்கள். எண்ணுகிற வேலையை அவனிடம் கொடுங்கள்.

பீடியைக் குறைத்தது போதாது, விட வேண்டும். நான்கு வாரம் முன்பே விட்டிருந்தால் பலன் நன்றாகத் தெரிந்திருக்கும். மூன்று வாரமும் வீண் அல்ல. விட்ட ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு குறைந்து, காயத்துக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். வீட்டில் யாரும் அவர் எதிரில் புகைக்கக் கூடாது. தனியாக விட முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் பேசலாம், கட்டணம் இல்லை.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். மேலே சொன்ன பொதுவான கவனம் மூன்று வாரமும் வேண்டும். ரொம்பக் கறாராக இருக்க வேண்டியது கடைசி ஏழு நாள். சளி, ஃப்ளூ கிருமி உடலில் புகுந்தால் பெரும்பாலும் நான்கு நாளுக்குள் அறிகுறி தெரிந்துவிடும்; இப்போதைய கொரோனாவும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த வாரம் வெளியார் யாரும் வேண்டாம். மாமாவோடு ஒரே அறையில் இருக்கும்போது உங்கள் கணவர் வீட்டிலும் மாஸ்க் போடட்டும். மதுரைக்கு நெரிசலான பஸ்ஸில் போகாமல் முடிந்தால் வாடகைக் காரில், ஜன்னலைத் திறந்து வைத்துப் போங்கள். ஃப்ளூ தடுப்பூசி பலன் தர இரண்டு வாரம் ஆகும் என்பதால் வீட்டில் உள்ளவர்கள் போட்டுக்கொள்வதானால் இந்த வாரமே போட வேண்டும். மாமாவுக்குப் போடலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சளி வந்தால்? வரலாம். அது யார் குற்றமும் அல்ல. ஆனால் மறைக்காதீர்கள். இவ்வளவு அலைந்து வாங்கிய தேதி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஒப்புதல், எல்லாம் தள்ளிப் போய்விடுமே என்று பயந்து, மாத்திரை போட்டுக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு வந்து படுப்பவர்கள் உண்டு. மயக்க மருத்துவரிடம் மறைக்கும் சளிதான் ஆபத்தான சளி. வெறும் மூக்கொழுகலா, நெஞ்சுச் சளியா என்று பார்த்து, நடத்தலாமா தள்ளலாமா என்பதை அவரும் சர்ஜனும் சேர்ந்து முடிவு செய்வார்கள். புற்றுக்கட்டி என்பதால் தேவையில்லாமல் தள்ள மாட்டார்கள். கொரோனா என்றால் முன்பு ஏழு வாரம் தள்ளச் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் அது தளர்ந்துவிட்டது. நாளைக்கே மதுரைக்குப் போன் செய்து, சளி வந்தால் எந்த எண்ணில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

காய்ச்சல் விஷயம் தனி. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ எடுத்தவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல, அவசரம். மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல், நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, "கீமோ எடுத்தவர்" என்று சொல்லிவிடுங்கள்.